ஏ-2 விமானி ஜாக்கெட்: நாலு வகையில் எதை வாங்குவது?

தோல் ஜாக்கெட் மேல் ஆசை வைத்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஏ-2 என்று சொல்லி நாலு விதமாக விற்கிறார்கள். ஒன்று பத்தாயிரம் ரூபாய்க்குக்கூட வருகிறது, இன்னொன்று லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. எதை வாங்குவது?"

நாலையும் ஏ-2 என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து அளவுகோலுக்குத் தைத்தது. 1985-ல் 'நல்ல நகல்' என்று கொண்டாடியதை இன்றைய ரசிகர் கையில் எடுத்துப் பார்க்கக்கூட மாட்டார். அந்த அளவுகோல் மாறிய கதை தெரியாமல் வாங்கினால், நமக்குத் தேவையே இல்லாத ஒரு நுணுக்கத்துக்குக் காசு கொடுப்போம், தேவையானதைக் கோட்டை விடுவோம். அதனால் முதலில் அந்தக் கதை.

அளவுகோல் எப்படி மாறியது

அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1927-ல் ஏ-1 என்ற ஜாக்கெட்டை ஏற்றது. பின்னல் காலர், முன்பக்கம் பட்டன். அதற்குப் பதிலாக 1931 மே 9 அன்று வந்ததுதான் ஏ-2. வரைபட எண் 30-1415. குதிரைத்தோல், முன்பக்கம் ஜிப், அதற்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் ஒரு தோல் பட்டை, டிச் பட்டன் வைத்து அமுக்கும் காலர், மூடி போட்ட இரண்டு பைகள், தோள்பட்டி, இடுப்பிலும் மணிக்கட்டிலும் கம்பளிப் பின்னல். முதுகுக்கு ஒட்டில்லாமல் ஒரே துண்டுத் தோல். கை நுழைக்கும் பக்கவாட்டுப் பை கிடையாது.

வரைபடம் ஒன்று, தொழிற்சாலைகள் பல. ராணுவம் அவற்றுக்கு எண் போட்ட தனித்தனி ஒப்பந்தங்களில் ஆர்டர் கொடுத்தது. பென்சில்வேனியாவின் மிடில்டவுனில் ரஃப் வேர், நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க்கில் பெர்ரி ஸ்போர்ட்ஸ்வேர், பீக்கனில் ஏரோ லெதர், சிகாகோவில் டுபோவ், மில்வாக்கியில் மோனார்க் என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவரும் அவரவர் மாதிரி அட்டையை வைத்துத் தோலை வெட்டினார்கள். ஒருவருடைய காலர் முனை நீண்டு கூராக இருக்கும், இன்னொருவருடையது குட்டையாக இருக்கும். பை மூடியின் வளைவு மாறும், தோள் அகலம் மாறும், தோலின் நிறம் இளம் செம்பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை போகும். சில ஒப்பந்தங்களில் ஆட்டுத்தோலும் வந்தது. சரக்கு வரைபடத்தின் வரம்புக்குள் இருக்கிறதா என்பதுதான் ராணுவத்துக்கு முக்கியம். இருந்தால் எடுத்துக்கொண்டார்கள்.

1943-ல் ராணுவ விமானப்படைத் தலைவர் ஜெனரல் ஹாப் ஆர்னால்ட் தோல் ஜாக்கெட் கொள்முதலை நிறுத்தினார். பி-10 போன்ற துணி ஜாக்கெட்டுகள் அந்த இடத்துக்கு வந்தன. ஆனால் கையில் இருந்த ஏ-2-வை விமானிகள் விடவில்லை. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை போட்டார்கள், வீட்டுக்கும் கொண்டுபோனார்கள்.

அப்புறம் முப்பது வருடம் கழித்து நகல் காலம். 1975-ல் நியூயார்க்கில் அவிரெக்ஸ் என்ற ஜாக்கெட் நிறுவனம் தொடங்கியது. 1980களின் நடுவில் கடற்படை விமானிகளைப் பற்றிய ஒரு ஹாலிவுட் படம் வந்ததும் பழுப்புத் தோல் ஜாக்கெட் உலகம் முழுக்கப் பரவியது. அன்றைய அளவுகோல் தாராளமானது: பழுப்புத் தோல், தோள்பட்டி, பின்னல் இருந்தால் ஏ-2. உடம்பு நீளமாக, அக்குள் அகலமாக, உள்ளே ஒரு பை, பக்கத்தில் இரண்டு பை என்று தைத்தார்கள். வாங்கியவர்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

திருப்பம் ஜப்பானிலும் பிரிட்டனிலும் வந்தது. ரியல் மெக்காய்ஸ், 1993-ல் டோயோ என்டர்பிரைஸ் தொடங்கிய பஸ் ரிக்சன்ஸ், இங்கிலாந்தின் ஈஸ்ட்மன், ஸ்காட்லாந்தின் ஏரோ லெதர் (போர்க்காலத் தொழிற்சாலை ஒன்றின் அதே பெயர்) போன்றவர்கள் அசல் ஜாக்கெட்டைத் தையல் பிரித்து, துண்டு துண்டாக அளந்து அட்டை வெட்டினார்கள். அதோடு கேள்வியே மாறிவிட்டது. 'ஏ-2 மாதிரி இருக்கிறதா' என்பது போய், 'எந்த ஒப்பந்தத்து ஏ-2' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரஃப் வேர் 27752-ஆ, டுபோவ் 27798-ஆ, பெர்ரி 16175-ஆ என்று எண் சொல்லித்தான் இன்றைக்குப் பேச்சே நடக்கிறது.

2000-க்குப் பிறகு குட் வேர் போன்ற ஒற்றைக் கைவினைஞர் பட்டறைகள் இதையும் தாண்டின. ஒரே ஒப்பந்தத்துக்குள்ளேயே எந்தத் தொகுப்பு, அங்குலத்துக்கு எத்தனை தையல், லேபிளில் எழுத்தின் தடிமன் எவ்வளவு என்று இறங்கிவிட்டார்கள்.

என் கருத்து இதுதான்: இன்றைய ரசிகர் கேட்பது 1942-ல் ராணுவமே கேட்டதைவிடக் கறாரானது. அசல் தொழிற்சாலையில் ஒரே நாளில் தைத்த இரண்டு ஜாக்கெட்டின் பை மூடிகளே ஒன்றுபோல இருந்திருக்காது. யாரோ ஒருவர் வீட்டில் தப்பிப் பிழைத்த ஒரேயொரு ஜாக்கெட்டை வேதமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து கால் அங்குலம் விலகினால் தப்பு என்று சொல்வது அந்த ஜாக்கெட்டின் வரலாற்றுக்கே பொருந்தாது. அந்த நுணுக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் வாங்கும்போது அதற்கு எந்த இடம் கொடுப்பது என்பதில் தெளிவு வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் கட்டிங். மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். அசல் ஏ-2 ஒரு சட்டைக்கு மேல் போட, ஒல்லியான இளைஞர்களுக்காக வெட்டியது. அக்குள் வெட்டு மேலே ஏறி இருக்கும், உடம்பு குட்டை. அன்றைய கால்சட்டை தொப்புள் மட்டத்துக்கு ஏறி நிற்கும், ஜாக்கெட்டின் பின்னல் பட்டை அதன்மேல் உட்காரும். இன்றைய தாழ்ந்த ஜீன்ஸோடு அதே ஜாக்கெட்டைப் போட்டால் கீழே நாலு விரல் சட்டை வெளியே தெரியும். 1980களில் நீளத்தைக் கூட்டியதற்கு இது ஒரு நியாயமான காரணம். அக்குளை அகலமாக்கியதற்கு அந்த நியாயம் இல்லை. அகலமான அக்குள் இருந்தால் கையைத் தூக்கியதும் ஜாக்கெட் முழுக்க மேலே ஏறும், ஸ்டியரிங் பிடித்தால் தோள் இழுக்கும்.

இரண்டாவது தோல். குதிரைத்தோல் முதலில் விறைப்பாக இருக்கும், பளபளக்கும், போடப்போட முழங்கையில் மடிப்பு விழும். ஆட்டுத்தோல் லேசானது, உறுதியானது, நுண்ணிய புள்ளிகளோடு இருக்கும். மாட்டுத்தோல் நிறைய கிடைக்கும், கனமாக இருக்கும், மேல்பூச்சு தடிமனாக இருந்தால் பிளாஸ்டிக் மாதிரி தோன்றும். ஒரு காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் குதிரை நிறைய இருந்தது, தோலும் மலிவு. டிராக்டர் வந்தபின் அது வற்றிவிட்டது. இன்று ஜப்பானின் ஹிமேஜியில் உள்ள ஷிங்கி, சிகாகோவின் ஹார்வீன் போன்ற சில ஆலைகளின் குதிரைத்தோலுக்குத்தான் இந்த வட்டாரத்தில் பெயர். விலை ஏறுவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

மூன்றாவது ஜிப், பின்னல், நூல். முதலில் தேய்வது இவைதான்.

நான்காவது, தினம் போட முடியுமா. நீங்கள் இருக்கும் ஊர், உங்கள் வேலை, பைக்கா காரா, எல்லாம் இதில் சேரும்.

ஐந்தாவது, பழுது பார்க்க முடியுமா, விற்றால் என்ன வரும்.

லேபிளை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அது காலருக்குள் மறைந்திருக்கிறது.

போர்க்கால அசல்

இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் ஓர் அசலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முதலில் ஆச்சரியப்படுத்தியது அதன் லேசான கனம். இன்றைய நகல்கள் பலவும் அதைவிடத் தடித்த தோலில் வருகின்றன. முழங்கைத் தோல் வறண்ட குளத்து மண்போல வெடித்திருந்தது. ஜிப்பின் கீழ்முனையில் ஊசி செருகும் இடத்தில் பருத்தி நாடா நைந்து, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுப் பின்னலில் அந்து அரித்த துளைகள். ஆனால் தோள் விழுந்த விதம், காலர் படிந்த விதம், அந்தப் பழுப்பு நிறம் இடத்துக்கு இடம் வெளுத்திருந்த அழகு, இவை எந்த நகலிலும் நான் பார்க்காதவை.

அதைத் தினம் போட முடியாது. எண்பது வருடத்துப் பருத்தி நூல் எங்கே எப்போது விடும் என்று சொல்ல முடியாது. ஜிப்பை மாற்றினால் ஜாக்கெட் பிழைக்கும், மதிப்பு இறங்கும். மாற்றாவிட்டால் மதிப்பு நிற்கும், போட முடியாது. மறைமுகச் செலவு என்றால் இதுதான்: வாங்கிய விலைக்கு மேல், அதைத் தொடாமல் வைத்துக் காப்பாற்றும் செலவு.

இன்னொரு ஆபத்து போலி. வெறும் ஜாக்கெட்டைவிட முதுகில் ஓவியமும் படைப்பிரிவுச் சின்னமும் உள்ளதற்கு விலை பல மடங்கு. அதனால் அசல் ஜாக்கெட்டில் பிற்பாடு ஓவியம் தீட்டி விற்பது உண்டு. சீன-பர்மா-இந்தியப் போர்முனைச் சின்னங்கள் கொண்டவற்றில் இன்னும் கவனம் வேண்டும். அந்தச் சின்னங்களில் பலவற்றை அப்போது இந்தியாவிலேயே உள்ளூர்க் கைவினைஞர்கள் தோலில் வெட்டி ஒட்டித் தைத்தார்கள். ஒன்றுக்கொன்று மாறுபடும். அதனாலேயே போலியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். போர்க்காலத்திலேயே கிடங்குகளில் மறுபடி சாயம் பூசிய ஜாக்கெட்டுகளும் நிறைய உண்டு, அது குறை கிடையாது.

யாருக்கு: சேகரிப்பாளருக்கு. அதோடு, நகல் தைக்க நினைக்கும் டெய்லருக்கு.

ஒப்பந்த நுணுக்க நகல்

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், பெரும்பாலானவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

இதில் கிடைப்பது முழுக்க அந்தக் காலத்துக் கட்டிங். நல்ல பட்டறை என்றால் அட்டை அசலிலிருந்து எடுத்தது, தோல் நல்ல குதிரைத்தோல், ஜிப் பழைய பாணியில் வார்த்தது அல்லது கிடங்கில் கிடந்த பழைய இருப்பு. பத்து வருடம் போட்டால் ஜாக்கெட் உங்கள் உடம்பாகவே ஆகிவிடும். விலை ஆயிரம் டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பெயர் பெற்றவை அதையும் நன்றாகத் தாண்டும்.

மறைமுகச் செலவுகளை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. முதலாவது காத்திருப்பு. ஒருவரே வெட்டித் தைக்கும் பட்டறையில் மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கு மேலும் ஆகும். இரண்டாவது சுங்க வரி, அனுப்பும் செலவு. அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் இரண்டும் மறுபடி. மூன்றாவது, நுணுக்கமே பலவீனமாக மாறும் இடங்கள். அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று பருத்தி நூலில் தைத்தால் அது அசல் மாதிரியே ஒரு நாள் இற்றுப்போகும். பாலியெஸ்டர் கலந்த நூல் பார்வைக்கு ஏறக்குறைய அதேதான், பல மடங்கு உழைக்கும். பழைய இருப்பு ஜிப் அழகாக இருக்கும், ஆனால் அதன் நாடாவுக்கும் எண்பது வயது. நான் ஆர்டர் கொடுத்தால் புதிதாக வார்த்த ஜிப், கலப்பு நூல் என்றே எழுதிக் கொடுப்பேன். நுணுக்கப் பிரியர்கள் முகம் சுளிக்கட்டும்.

எந்த ஒப்பந்தம் என்று கேட்பார்கள். இங்கேதான் பலர் படத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். காலர் அழகாக இருக்கிறது என்று ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சில ஒப்பந்தங்கள் தோளில் குறுகலாகவும் இடுப்பில் தாராளமாகவும் வெட்டியவை, சில நேர்மாறு. அகன்ற தோளும் சிறுத்த இடுப்பும் உள்ளவருக்குப் பொருந்துவது லேசாகத் தொப்பை விழுந்தவருக்குப் பொருந்தாது. என் முதல் நகலை வெறும் மார்பளவு சொல்லி வாங்கினேன். மார்பு சரியாக இருந்தது, தோள் முக்கால் அங்குலம் இறங்கி நின்றது. இரண்டு குளிர்காலம் போட்டுவிட்டு ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். அவருக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது.

மறுவிற்பனையில் இந்த வகை நன்றாக நிற்கும். நல்ல பெயருள்ள பட்டறை நகல் பழையதானாலும் கேட்பதற்கு ஆள் உண்டு. அதனாலேயே, பிறர் ஓரிரண்டு வருடம் போட்டுப் பழக்கிய ஒன்றைத் தேடி வாங்குவது புத்திசாலித்தனம். விறைப்பும் போயிருக்கும், காத்திருப்பும் இல்லை.

யாருக்கு: குளிர் ஊரில் இருப்பவருக்கு, ஒரே ஜாக்கெட்டைப் பல வருடம் போடப்போகிறவருக்கு.

1988-க்குப் பிந்தைய விமானப்படை மாடல்

நாற்பத்தைந்து வருட இடைவெளிக்குப் பிறகு அமெரிக்க விமானப்படை 1988-ல் ஏ-2-வை மறுபடி தன் விமானிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. ஆட்டுத்தோல், தாராளமான கட்டிங். பின்னாளில் பக்கவாட்டுப் பைகளும் சேர்ந்தன. நுணுக்க ரசிகர்கள் இதை மதிப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்க விமானப்படை விமானிகள் உண்மையிலேயே அணியும் ஏ-2 இது, ஆகவே இது 1942-ன் மோசமான நகல் ஆகாது. தன் காலத்தின் அசல்.

லேசாக இருக்கும், மழையில் கொஞ்சம் நனைந்தாலும் பயமில்லை, உள்ளே ஸ்வெட்டர் போட இடம் உண்டு, கையை நுழைக்கப் பை உண்டு. பழைய படங்களில் பார்த்த ஒட்டிய வடிவத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வழக்கமான அளவிலிருந்து ஒன்று குறைத்துப் போட்டுப் பாருங்கள். ராணுவம் கொடுத்ததா, அதே தொழிற்சாலை கடைக்குத் தைத்ததா என்பதை லேபிளில் உள்ள ஒப்பந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு.

மலிவு ஆர்டர் நகல்

பாகிஸ்தானின் சியால்கோட் உட்படப் பல ஊர்ப் பட்டறைகள் அளவு கேட்டுத் தைத்து அனுப்புகின்றன. ஒரு காலத்தில் இவை வெறும் சாயலாக இருந்தன. இப்போது சில பட்டறைகள் ரசிகர்கள் அனுப்பும் அளவையும் படத்தையும் வைத்துத் திருத்தித் திருத்தி, வியக்கும்படி நெருங்கிவிட்டன. அளவுகோல் கீழ்மட்டத்திலும் ஏறியிருப்பதற்கு இதுவே அடையாளம்.

சிக்கல் தரம் ஒரே சீராக இல்லாததில். நண்பருக்கு வந்த ஜாக்கெட் அருமை, அதே இடத்தில் நீங்கள் கேட்டால் பின்னல் தொளதொளவென்று வரலாம். தோலின் மேல்பூச்சு ஒரே வருடத்தில் உரியலாம். பின்னலும் ஜிப்பும் மாற்றும் செலவை முன்கூட்டியே விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் மலிவாகத் தெரிந்தால் வாங்குங்கள். 1980-90களில் தைத்த பழைய நகல்களும் இதே விலைக்குக் கிடைக்கும். தோல் நன்றாக இருக்கும், கட்டிங் மட்டும் தொளதொள.

ஒரே பார்வையில்

| | போர்க்கால அசல் | ஒப்பந்த நகல் | 1988-க்குப் பின் | மலிவு நகல் |
|---|---|---|---|---|
| கட்டிங் | ஒட்டியது, குட்டை | அசலை ஒத்தது | தாராளம் | கொடுக்கும் அளவைப் பொறுத்தது |
| தோல் | பெரும்பாலும் குதிரை | குதிரை, சிலவற்றில் ஆடு | ஆடு | ஆடு, மாடு, சில இடங்களில் குதிரை |
| முதலில் தேய்வது | நூல், ஜிப் நாடா | பின்னல் | பின்னல் | மேல்பூச்சு, பின்னல் |
| தினம் போட | வேண்டாம் | தாராளமாக | தாராளமாக | போடலாம் |
| மறைமுகச் செலவு | பாதுகாப்பு, போலி அபாயம் | காத்திருப்பு, சுங்கம் | மிகக் குறைவு | ஜிப், பின்னல் மாற்றம் |
| மறுவிற்பனை | உயரும், பழுது பார்த்தால் இறங்கும் | நன்றாக நிற்கும் | சுமார் | ஏறக்குறைய இல்லை |

என்னைக் கேட்டால்

டொராண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் வருடத்துக்கு நாலைந்து மாதம் போடப்போகிறவர் என்றால் பழக்கிய ஒப்பந்த நகல். புதிதாக வாங்கினால் நூல், ஜிப் பற்றி மேலே சொன்னதை எழுதிக் கேளுங்கள். முதல் ஜாக்கெட், இந்த ஆசை நிற்குமா என்றே தெரியவில்லை என்றால் 1988-க்குப் பிந்தைய ஆட்டுத்தோல். கையில் காசு குறைவு, அளவெடுக்கப் பொறுமை உண்டு என்றால் ஆர்டர் நகல். அசலை, இந்த மூன்றில் ஒன்றை ஒரு வருடமாவது போட்டுப் பழகியபின் தேடுங்கள். அப்போதுதான் கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்று விரல்களுக்கே தெரியும்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊரில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே ஜாக்கெட்டின் எதிரி ஈரக்காற்று. பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் மாட்டி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் காலருக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை படரும். அகன்ற ஹேங்கரில், பருத்தித் துணி உறை போட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். எண்ணெயை அள்ளிப் பூசாதீர்கள், தோல் தளர்ந்துவிடும்.

எதை வாங்கினாலும், ஆர்டர் கொடுப்பதற்கு முன் உங்களிடம் நன்றாகப் பொருந்தும் ஒரு ஜாக்கெட்டைத் தரையில் விரித்து நாலு அளவு எடுங்கள்: அக்குளிலிருந்து அக்குள், தோள் தையலிலிருந்து தோள் தையல், காலர் அடியிலிருந்து கீழ் விளிம்பு, தோள் தையலிலிருந்து மணிக்கட்டு. விற்பவரிடம் அவர் ஜாக்கெட்டுக்கும் அதே நாலு அளவைக் கேளுங்கள். 'சைஸ் 40' என்று மட்டும் பதில் வந்தால், டேப் வைத்து அளந்து சொல்லும்வரை பணம் அனுப்பாதீர்கள்.